கைப்பேசி மாறும்போது தமிழும் உடன் வருமா?

உதவித்தொகையோ கல்விக் கடனோ கைக்கு வந்த வாரத்தில் நம் வளாகத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. "ஐபோன் வாங்கலாமா, ஆண்ட்ராய்டிலேயே இருந்துவிடலாமா?" தமிழ்க் கழகக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போதுகூட இதுதான் பேச்சு. படம் எதில் தெளிவாக விழுகிறது, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், விலை எவ்வளவு என்று ஆளுக்கொரு பக்கம் நின்று வாதிடுவோம். இக்கட்டுரை அந்த வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. வாங்குவதற்கு முன்னர் கேட்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் வாங்கிய பின்னரே கேட்கப்படும் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. பழைய கைப்பேசியில் உள்ளவற்றில் எவை புதியதற்கு வரும்? எவை வாரா?

ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுவோருக்கு இதற்கான விடை ஓரளவு எளிது. நமக்கோ கூடுதலாகச் சில உடைமைகள் உண்டு. தமிழில் சேமித்து வைத்த பெயர்கள், தமிழ்த் தட்டச்சுக்குப் பழகிய விரல்கள், எழுதத் தெரியாத பாட்டி அனுப்பிய குரல்பதிவுகள் ஆகியவை அவற்றுள் சில. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இடம் மாறுகின்றன.

கட்டங்களும் கிறுக்கல்களும்

ஐபோனில் எழுதி அனுப்பிய "வணக்கம்" ஆண்ட்ராய்டில் "வணக்கம்" என்றே தெரிகிறது. இதை நாம் வெகு இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால், 1990களில் இப்பல்கலைக்கழகங்களில் பயின்ற நம் மூத்தோரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ்க் கடிதம் மற்றொன்றில் தலைமேல் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரியும். காரணம் எளிமையானது. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கிறது. 'அ' என்பதற்கு எந்த எண் என்பதை அன்று ஒவ்வோர் எழுத்துருத் தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொண்டிருந்தனர். எழுத்துரு மாறினால் பொருளும் மாறிப்போகும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் நம் வட்டாரத்திற்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பல மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. தமிழ் இணைய மாநாடுகளின் தொடக்கமான தமிழ்நெட் 97, 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்றது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் வழியாகத் தமிழ் 99 விசைப்பலகை உருவானது. 2000இல் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தபோது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. குறியாக்கமும் விசைப்பலகையும் இம்மாநாடுகளில் தொடர்ந்து விவாதிக்கப்பட்டன.

இறுதியில் நிலைத்தது யூனிகோட். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. ஆயினும், அது பரவலான புழக்கத்திற்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. கைப்பேசிக்கு அது இன்னும் தாமதமாகவே வந்தது. 1985 முதல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கி வந்த மலேசியரான முத்து நெடுமாறன், 2005இல் சிங்கப்பூரில் செல்லினத்தை அறிமுகம் செய்தார். தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசிகளிலும் தமிழில் எழுதவும் படிக்கவும் அது வழி செய்தது. அதன் பிறகு வந்த தொடக்கக்கால ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில்கூடத் தமிழ்ச் செய்தி வந்தால் வெற்றுக் கட்டங்களே வரிசையாகத் தெரிந்தன. அக்கட்டங்களைக் கணினித் துறையினர் வேடிக்கையாகத் 'தோஃபு' என்பர். நாம் சாப்பிடும் அதே தோஃபுதான்! கூகுள் வெளியிட்ட எழுத்துரு வரிசைக்கு 'நோட்டோ' என்று பெயர் வந்ததும் 'தோஃபு வேண்டாம்' என்ற பொருளில்தான். ஆண்ட்ராய்டில் நாம் இன்று படிப்பது பெரும்பாலும் நோட்டோ தமிழ் எழுத்துருவையே. ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவை வடிவமைத்தவர் மேற்சொன்ன முத்து நெடுமாறனே.

இவ்வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எது எல்லாத் தளங்களுக்கும் பொதுவான முறையில் சேமிக்கப்பட்டுள்ளதோ அது தடையின்றி இடம் மாறும். எது ஒரு தளத்தின் அல்லது ஒரு செயலியின் சொந்த முறையில் சேமிக்கப்பட்டுள்ளதோ அது அங்கேயே நின்றுவிடும். யூனிகோட்டில் உள்ள தமிழ் எழுத்து முதல் வகை. மற்றவற்றை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கௌரியைக் காணோம்

தொடர்புப் பட்டியலை மாற்றுவது எளிது. ஆண்ட்ராய்டில் உள்ள பெயர்கள் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கப்பட்டிருந்தால், அதே கணக்கை ஐபோனில் சேர்த்தவுடன் வந்துவிடும். எதிர்த்திசையில் செல்வோர் பெயர்களை விகார்ட் கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுபோகலாம். சிம் அட்டையில் சேமித்து மாற்றலாம் என்ற பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் ஒரு பெயருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. தமிழில் எழுதினால் அதிலும் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். 'மாணிக்கவாசகம் மாமா' பாதியில் அறுந்து நிற்பார்.

பெயர்கள் எல்லாம் வந்த பின்னரும் ஒரு சிக்கல் எழக்கூடும். புதிய கைப்பேசி வாங்கிய நண்பர் ஒருவர் "கௌரி அக்கா எண் போய்விட்டது" என்று இரண்டு நாள் வருந்தினார். தேடினால் வரவில்லை. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தபோது அக்கா அங்கேயே இருந்தார். நடந்தது இதுதான். 'கௌ' என்பதில் வலப்பக்கம் உள்ள குறி 'ள' போலத் தோன்றினாலும் யூனிகோட்டில் அது 'ள' அன்று. ஔகாரத்திற்குத் தனிக் குறியீடு உண்டு. பழைய கைப்பேசியில் நண்பர் 'கெ' எழுதிப் பக்கத்தில் 'ள' சேர்த்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. பழைய கைப்பேசியில் அவர் பழகிய அதே முறையில் தேடியதால் பெயர் கிடைத்தது. புதிய விசைப்பலகை சரியான 'கௌ'வைக் கொடுத்ததால் கிடைக்கவில்லை! ஔவையை 'ஒள' என்று எழுதுவதும் இதே வகைப் பிழைதான். ஆகவே, பிழை புதிய கைப்பேசியில் இல்லை. நம் பழைய தட்டச்சில் இருக்கிறது. இடம் மாறும் நாளில் அது வெளிப்படுகிறது.

விரல்கள் பழகிய விசைப்பலகை

என்னைக் கேட்டால், தளம் மாறுவதில் நமக்கு உண்மையான தொல்லை தருவது இதுதான். கடையில் நின்று அரை மணி நேரம் படம் எடுத்துச் சோதிப்போர், ஒரு வரி தமிழ் எழுதிச் சோதிப்பதில்லை.

ஆண்ட்ராய்டு 2009ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே பிறர் உருவாக்கிய விசைப்பலகைகளை அனுமதித்தது. ஐபோன் 2013இல் ஐஓஎஸ் 7 பதிப்புடன் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களையும் தானே சேர்த்துக்கொண்டது. பிறருடைய விசைப்பலகைகளுக்கு மறு ஆண்டுதான் கதவு திறந்தது. இன்று இரு தளங்களிலும் தமிழில் எழுத வழியுண்டு. ஆனால், 'தமிழ் உண்டு' என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட முறைகள் அடங்கியுள்ளன.

அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தட்டச்சு செய்கிறோம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது நிலையானது. ழகரத்திற்கு 'இசட்' விசை. பெரிய 'எல்' விசை ளகரம். விதியைக் கற்றுவிட்டால் திரையைப் பாராமலே எழுதலாம். கூகுளின் ஜிபோர்டில் உள்ள ஒலிபெயர்ப்பு முறையும் மேலோட்டமாக இதைப் போன்றதே. ஆனால், அது விதிப்படி நடப்பதில்லை, ஊகிக்கிறது. நாம் ஆங்கில எழுத்தில் தோராயமாக அடித்ததைப் பார்த்து இன்ன சொல்லாக இருக்கலாம் என்று சில சொற்களை முன்வைக்கும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றாடச் சொற்களுக்கு இது மிக வசதியானது. சங்க இலக்கியக் கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்போதோ ஊர்ப் பெயர்களை எழுதும்போதோ தடுமாறும். பத்தாண்டுகள் அஞ்சலில் பழகியவர் இதற்கு மாறினால், "ஏன் என் ழகரம் லகரமாகிறது?" என்று எரிச்சல் கொள்வது இயல்பே.

தமிழ் 99இன் இயல்பு வேறு. இதில் ஆங்கிலத்திற்கு வேலையே இல்லை. உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை அடுத்து ஆகாரத்தைத் தட்டினால் 'கா' கிடைக்கும். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்திற்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆகும். நகரத்தின் பின் தகரம் வந்தால் 'ந்த' என்றும், மகரத்தின் பின் பகரம் வந்தால் 'ம்ப' என்றும் தானாகவே மாறும். நாம் பள்ளியில் படித்த இன எழுத்து இலக்கணம் இங்கே விசைப்பலகைக்குள் வேலை செய்கிறது. கற்பதற்கு ஓரிரு வாரங்கள் பிடிக்கும். ஆனால், ஒரு கருவியில் கற்றது மற்றொன்றிற்கும் பொருந்தும் என்பதே இதன் பெரும் பயன். ஐபோன், ஆண்ட்ராய்டு, மேசைக்கணினி எதுவாயினும் விதி ஒன்றே. அடிக்கடி கருவி மாற்றும் வழக்கம் உள்ளவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அதற்குப் பொறுமை இல்லையெனில், இரு தளங்களிலும் கிடைக்கும் செல்லினம் போன்ற ஒரு செயலியைப் பழைய கைப்பேசியிலேயே நிறுவிப் பழகிக்கொண்டு பிறகு மாறுங்கள்.

மேலும் இரண்டு செய்திகள். நம் பெயர்களையும் வட்டாரச் சொற்களையும் விசைப்பலகை காலப்போக்கில் கற்றுக்கொள்கிறது அல்லவா? தளம் மாறினால் அந்தக் கற்றல் பொதுவாக உடன் வராது. 'பசியாறலாமா' என்ற சொல்லைப் புதிய கைப்பேசிக்கு மீண்டும் கற்பிக்க வேண்டியதுதான். அடுத்தது, ஐபோனில் பிறருடைய விசைப்பலகையை நிறுவினால் அது சில வசதிகளுக்காக 'முழு அணுகல்' கேட்கக்கூடும். நீங்கள் தட்டும் எழுத்துகள் கைப்பேசிக்கு வெளியே செல்ல அது வழி திறக்கும். தயாரித்தவர் யாரென்று தெரிந்தால் மட்டுமே கொடுங்கள்.

பாட்டியின் குரல்

என் அறைத்தோழியின் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்திலிருந்து வாரந்தோறும் பேத்திக்குக் குரல்பதிவு அனுப்புவார். சாப்பிட்டாயா, மழையில் நனையாதே என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. தோழி கைப்பேசியை மாற்றிய நாளில், "எல்லாம் மேகச் சேமிப்பில் இருக்கிறது" என்ற நம்பிக்கையில் பழையதை முழுவதுமாக அழித்து விற்றுவிட்டாள். சேமிப்பில் இருந்தது உண்மை. ஆனால், அது புதிய தளத்தால் திறக்க முடியாத சேமிப்பு. நான்கு ஆண்டுப் பதிவுகள் போயின. பாட்டி அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

இது எப்படி நேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டில் அதன் காப்புப் பிரதி கூகுள் கணக்கிற்கும், ஐபோனில் ஐகிளவுட்டிற்கும் செல்கிறது. ஒன்றிலுள்ள பிரதியை மற்றதால் திறக்க இயலாது. 2021 வரை தளம் மாறியவர்கள் பழைய உரையாடல்களைக் கைவிடுவதைத் தவிர அதிகாரப்பூர்வமான வழி இருக்கவில்லை. 2021இல் ஐபோனிலிருந்து முதலில் சாம்சுங்கிற்கும் பின்னர் வேறு சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும், 2022இல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும் வழி திறந்தது.

அவ்வழியிலும் நிபந்தனைகள் உள்ளன. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குச் செல்வோர், 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியின் மூலம் மாற்ற வேண்டும். ஐபோன் புதியதாகவோ முழுவதும் அழிக்கப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும். எதிர்த்திசையில், இரு கைப்பேசிகளையும் கம்பிவடத்தால் இணைத்துப் புதிய ஆண்ட்ராய்டை முதன்முறை அமைக்கும்போதே செய்ய வேண்டும். இரு திசையிலும் தொலைபேசி எண் மாறக்கூடாது. அழைப்புப் பட்டியல் உடன் வராது. கவனித்தீர்களா? இவை அனைத்தும் முதல் நாள் வேலைகள். புதிய கைப்பேசியை அவசர அவசரமாகத் திறந்து இரண்டு வாரம் பயன்படுத்திவிட்டுப் பிறகு நினைத்துப் பார்த்தால், அதை அழித்துத் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

ஆகவே, முக்கியமான உரையாடல்களை வேறொரு முறையிலும் எடுத்து வையுங்கள். ஒவ்வோர் உரையாடலையும் தனித்தனியே ஏற்றுமதி செய்யும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு. அது சாதாரண உரைக் கோப்பாகவும் அதனுடன் படங்கள், குரல்பதிவுகளாகவும் வெளிவரும். நீண்ட உரையாடலாயின் அண்மைய பகுதி மட்டுமே கிடைக்கும். அதை மீண்டும் வாட்ஸ்அப்பிற்குள் ஏற்ற முடியாது. ஆனால் எந்தக் கணினியிலும் திறக்கலாம், படிக்கலாம், கேட்கலாம். மிக வேண்டிய குரல்பதிவுகளை ஒவ்வொன்றாக மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டாலும் போதும்.

ஐபோனை விட்டு வெளியேறுவோர், சிம் அட்டையை எடுப்பதற்கு முன் ஐமெசேஜ் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிடில் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் உங்களை வந்தடையாமல் போகக்கூடும். மறந்துவிட்டவர்களுக்காக, இணையத்தின் வழி எண்ணை நீக்கும் வசதியை ஆப்பிள் 2014இல் ஏற்படுத்தியது. மேலும், சாதாரணக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்திற்கு 160 குறிகள் என்றால் தமிழுக்கு 70தான். 'வாழ்த்துகள்' என்ற ஆறெழுத்துச் சொல் அதில் பதினொரு குறிகளை எடுத்துக்கொள்ளும். தீபாவளி வாழ்த்தைச் சுருக்கமாக எழுதுவது சிக்கனம்!

வங்கியும் அடையாளமும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தேர்வுக் கட்டணம் செலுத்தும் வாரத்தில் கைப்பேசியை மாற்றாதீர்கள். மோசடிகள் பெருகியதைத் தொடர்ந்து 2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கி அறிவித்த நடவடிக்கைகளில், இணைய வங்கிச் சேவையை ஒரே கருவியுடன் பிணைப்பதும், புதிய பதிவிற்குக் காத்திருப்புக் காலம் வைப்பதும் அடங்கும். சிங்கப்பூரில் அதே ஆண்டு ஜனவரியில், புதிய கருவியில் மின்னியல் அடையாளக் குறியைச் செயல்படுத்தக் குறைந்தது 12 மணி நேர இடைவெளி அறிவிக்கப்பட்டது. இருபடிச் சரிபார்ப்பு எண் தரும் செயலிகளையும் பழைய கைப்பேசி கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்கிய செயலிகள் ஒரு கடையிலிருந்து மற்றொரு கடைக்கு வாரா. அவற்றை மீண்டும் வாங்க வேண்டும்.

அலங்காரமும் அமைப்புகளும்

புதிய கைப்பேசியைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் இன்பத்தை யாரும் மறுக்க முடியாது. இவ்வகையில் ஆண்ட்ராய்டுக்கே நெடுங்காலம் முதலிடம் இருந்தது. முகப்புத்திரையையே மாற்றும் லாஞ்சர் செயலிகளும், திரையில் கடிகாரம், நாட்காட்டி போன்றவற்றைப் பரப்பி வைக்கும் விட்ஜெட்டுகளும் அதற்குத் தொடக்கத்திலேயே வாய்த்தன. ஐபோன் முகப்புத்திரையில் விட்ஜெட்டுகளை வைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சின்னங்களை விரும்பிய இடத்தில் வைக்கும் சுதந்திரம் 2024இல்தான் வந்தது. இடைவெளி பெரிதும் குறைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பயனருக்கு இவற்றினும் பயனுள்ள அமைப்புகள் உள்ளே மறைந்து கிடக்கின்றன. ஆண்ட்ராய்டில் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழுக்குக் கீழே இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனப் பிரிவுகள் தெரியும். பலர் முதலில் தெரிவதைத் தொட்டுவிடுகின்றனர். தமிழ், இந்தியா என்று வைத்தால் நூறாயிரம் 1,00,000 என இலட்ச முறையில் பிரித்துக் காட்டப்படும். தமிழ், மலேசியா என்றால் 100,000 என நம் வழக்கப்படி வரும். ரிங்கிட் கணக்கைத் தமிழில் பார்க்க விரும்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். கூகுளின் குரல்வழித் தட்டச்சிலும் இதே நான்கு பிரிவுகள் உண்டு. மேடைப் பேச்சுப் போலத் தெளிவாகப் பேசினால் நன்றாக எழுதும். நம் பேச்சு வழக்கில் மலாய்ச் சொற்கள் கலந்தால் வேடிக்கையாக எழுதும்.

சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் எழுத்துருவையே மாற்றலாம். அழகிய கையெழுத்துப் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்த பின் தமிழ் மட்டும் பழையபடியே இருக்கிறதே என்று சிலர் வியப்பர். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லாததால், கைப்பேசி தமிழுக்கு மட்டும் தன் இயல்பான எழுத்துருவுக்குத் திரும்பிவிடுகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது எழுத்தின் அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். சுழிகளும் கொம்புகளும் நிறைந்த நம் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிடச் சற்றுப் பெரிய அளவு வேண்டும்.

ஆண்ட்ராய்டின் சுதந்திரத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. அதிகாரப்பூர்வமான கடைக்கு வெளியிலிருந்து ஏபிகே கோப்புகளை நிறுவ அது அனுமதிக்கிறது. துப்புரவுச் சேவை, மலிவு விலை உணவு என்று விளம்பரம் செய்து, பணம் செலுத்த இச்செயலியை நிறுவுங்கள் என்று கோப்பனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி இரு நாடுகளிலும் நடந்துள்ளது. இதையொட்டி 2024 பிப்ரவரியில், குறுஞ்செய்திகளைப் படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்கும் இத்தகைய செயலிகளைத் தடுக்கும் முன்னோட்டத் திட்டத்தைச் சிங்கப்பூரில் கூகுள் தொடங்கியது. தமிழ் எழுத்துரு, தமிழ் நாட்காட்டி என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கோப்புகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பழைய கைப்பேசியை என்ன செய்வது?

குறைந்தது ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். மாற்றிய அன்றே எல்லாம் வந்ததாகத் தோன்றும். மூன்றாம் வாரத்தில்தான் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி வைத்த கவிதை நினைவுக்கு வரும்.

அதுபோலவே, கழக அறையில் உள்ள பழைய ஆண்டிதழ்க் கோப்புகளைக் கைப்பேசியில் திறந்து பார்த்த தம்பி தங்கையர் சிலர், "கோப்பு கெட்டுவிட்டது" என்று அழித்துவிட எண்ணியதாக அறிந்தேன். கெடவில்லை. அவை யூனிகோட்டுக்கு முந்திய குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. மேசைக்கணினியில் குறியாக்க மாற்றி மென்பொருளைக் கொண்டு யூனிகோட்டுக்கு மாற்றினால் கைப்பேசியிலும் படிக்கலாம். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பது தெரிந்தால் வேலை எளிது. அக்கால ஆசிரியர் குழுவினர் இதைப் படிக்க நேர்ந்தால், பயன்படுத்திய எழுத்துருவின் பெயரை நினைவுகூர்ந்து கழகத்திற்கு ஒரு வரி எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.